வெள்ளத்திற்குச் சாட்சி சொல்வோர்

ஜொகூர் நாட்டில் சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த பெக்கோக் என்னும் சிற்றூர் இரயில் பாதையின் ஓரமாய் அமைந்தது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை 1909ஆம் வருஷத்தில் முற்றுப்பெற்றது. அதன் பின்னர் இப்பக்கத்துக் காடுகள் பல பால்மரத் தோட்டங்களாயின. பால்மரம் நின்ற இடத்தில் பிற்காலத்தில் செம்பனை வந்தது. ஊருக்குக் கிழக்கே எண்டாவ்-ரொம்பின் பெருங்காடு. பெக்கோக் ஆறோ மறுபக்கமாய்த் தாழ்நிலத்தில் இறங்கி, யோங் பெங் வழியே சென்று, பத்து பகாட் ஆற்றின் கிளையிற் கலந்து மலாக்கா நீரிணையைச் சேர்கிறது. மழை மிகுந்தால் என்ன நேரும் என்பதை இங்குள்ளார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் அது ஏன் நேர்ந்தது என்று கேட்டாலோ, பத்துப் பேர் பத்து விடை சொல்லுவர். உலகத்தின் சீதோஷ்ணம் மாறிவிட்டது என்பார் ஒருவர். அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிய கதை என்பார் மற்றொருவர். காட்டை வெட்டியவனைக் கேள் என்பார் மூன்றாமவர். இவ்விடைகளில் எதை நம்புவது, எவர் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதைப் பழைய வரலாற்றையும் துணைக்கொண்டு நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று. 2006 டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியிலும், மறுபடி 2007 ஜனவரியிலும் ஜொகூர் நாட்டைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. சிகாமட், கோத்தா திங்கி, பத்து பகாட், மூவார், குளுவாங் முதலிய இடங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வீடு விட்டு வெளியேறினர். நீர் வடிவதற்கு முன்னமே காரணம் சொல்வோர் கூட்டம் பெருகிவிட்டது. சில நாட்களுக்கு முன் பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தாக்கிய ஊத்தோர் என்னும் சூறாவளியின் வால்தான் இது என்று பத்திரிகைகள் எழுதின. சிங்கப்பூரார் கடலை மண்ணிட்டு நிரப்பியதும் ஒரு காரணம் என்று மலேசிய அரசியல் மேடையில் பேச்செழுந்தது. சிங்கப்பூர் சர்க்கார் அதனை மறுத்தது. காடழிவே காரணம் என்றனர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார். எல்லாம் இயற்கையின் செயல், யார் என்ன செய்ய முடியும் என்று கை விரித்தவர்களும் உண்டு.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் விடையினால் ஓர் அனுகூலம் இருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பழி அயல் நாட்டின்மேல் விழுந்தால் உள்ளூர் அதிகாரிக்கு நிம்மதி. பழி வானத்தின்மேல் விழுந்தால் காட்டுக்கு உத்தரவுச் சீட்டுக் கொடுத்தவனுக்கும் வாய்க்காலைத் தூர் வாராதவனுக்கும் நிம்மதி. பழி முழுதும் வாய்க்காலின்மேல் விழுந்தாலோ, உலகெங்கும் எண்ணெயும் நிலக்கரியும் விற்றுக் கோடி குவிப்பவனுக்கு நிம்மதி! ஆயினும், அனுகூலம் உள்ளவன் சொன்னான் என்ற ஒரே காரணத்தால் ஒரு சொல் பொய்யாகிவிடாது. அனுகூலம் என்பது சந்தேகிக்கத் தூண்டும் குறி, தீர்ப்பு அன்று. தீர்ப்புக்கு வேண்டுவது வேறு.

அந்த வேறு ஒன்று சில வேளை மிக எளிதாய்க் கிடைக்கும். கடலை நிரப்பிய இடம் ஜொகூர் ஆற்றின் வாயருகே இருப்பது. கோத்தா திங்கி அவ்வாற்றின் கரையில் உள்ளது. அவ்வூருக்கு அக்கூற்றுப் பொருந்துமா என்று வாதிடலாம். சிகாமட்டின் நீரோ மூவார் ஆற்றிலும், பெக்கோக்கின் நீர் பத்து பகாட் ஆற்றிலும் சென்று மேற்குக் கடலில் விழுகின்றன. கிழக்கே ஆற்றுவாய் அடைபட்டதால் மேற்கே ஓடும் ஆறு கரை புரண்டது என்பது எந்த நியாயம்? பூகோளப் படத்தை விரித்து வைத்துப் பார்க்கும் ஒரு பள்ளிப் பிள்ளை சொல்லிவிடக்கூடிய விஷயம் இது. பேசியவரின் பதவியையோ கட்சியையோ நாம் விசாரிக்கத் தேவையே இல்லை.

சூறாவளிக் கதை அவ்வளவு எளிதில் தீராது. 2008ஆம் வருஷத்தில் மலேசிய தேசிய சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரெடோலின் தாங்காங் என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் இவ்வெள்ளத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். வடகிழக்குப் பருவத்திலே ஆசியக் கண்டத்திலிருந்து பொங்கி வரும் குளிர்காற்று, போர்னியோவின் அருகே உண்டாகும் காற்றுச் சுழி, உஷ்ண மண்டலத்தின் வழியே கிழக்கு நோக்கி நகரும் மேகத் தொகுதி, இந்து மகாசமுத்திரத்தின் இரு கரைகளுக்கும் இடையே நீர்ச்சூட்டில் ஏற்படும் வேற்றுமை ஆகிய நான்கும் அவ்வருஷம் எவ்வாறு ஒன்றோடொன்று இயைந்தன என்பதை அவர்கள் அளவுகளைக் கொண்டு விளக்கினர். பத்திரிகைக்காரர் மறுநாட் காலைக்குள் எழுதியாக வேண்டியவர். இவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. மேலும் தம் கணக்கைத் தம் துறையினரே பரிசோதித்த பின்னரே அச்சிட்டனர். ஆதலின் மழை ஏன் பெய்தது என்பதற்கு இவர்கள் வாக்கே நமக்கு மேலானது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இவ்வாராய்ச்சி மழை வந்த வழியைச் சொல்லிற்றே தவிர, வந்த மழை எவருடைய வாசற்படியில் ஏன் நின்றது என்பதைச் சொல்லப் புகவில்லை. மலைச்சரிவில் மரம் இருந்தால் நீர் எவ்வளவு தாமதித்து இறங்கும், ஆற்றின் வயிறு எவ்வளவு மண்ணால் நிறைந்தது, கரை எங்கே உடைந்தது என்பன வேறு கேள்விகள். அவற்றுக்குச் சாட்சிகளும் வேறு. ஒரு நல்ல சாட்சியை அவன் காணாத விஷயத்துக்கு இழுத்துக் கூண்டிலேற்றுவதே இந்தச் சீதோஷ்ண விவாதத்தில் நாள்தோறும் நடக்கும் அநீதி.

இவ்விவாதம் புதியதென்று பலர் எண்ணுகின்றனர். இந்நாட்டில் அதற்கு 175 வயதுக்கு மேலாகிறது. 1848ஆம் வருஷத்தில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸன் லோகன் என்னும் வழக்கறிஞர், தாம் நடத்திய சஞ்சிகையிலே, பினாங்கு மலைக்காடுகளை மேன்மேலும் அழித்தால் அத்தீவின் சீதோஷ்ணம் என்னாகும் என்று ஒரு கட்டுரை வரைந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் சென்னை இராஜதானியில் எட்வர்ட் பால்பர் என்னும் வைத்தியர், மரங்களுக்கும் மழைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி எழுதினார். காட்டைக் காக்க வேண்டும் என்ற அளவில் இவர்களுடைய எண்ணம் நல்லதே. எனினும் நூறாண்டு அளவுகள் அக்காலத்தில் எவரிடமும் இல்லை. கண்டதும் கேட்டதும் நினைவில் நின்றதுமே பெரும்பாலும் ஆதாரம். அன்றியும், இத்தகைய எழுத்துக்களிலே குற்றவாளியாய்க் காட்டப்பட்டவன் பெரும்பாலும் மலையில் சிறு கொல்லை போட்ட ஏழைக் குடியானவனே. மைல் கணக்கில் காட்டைத் திருத்திப் பயிரிட்ட முதலாளியைப் பற்றிப் பேனா அத்தனை காரமாய் ஓடவில்லை. சொன்னது பாதி உண்மை. எவரைச் சுட்டிச் சொன்னது என்பதிலேதான் பாரபட்சம் ஒளிந்திருந்தது.

இதனினும் நம்மவரை நெருங்கிய கதை 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வதைத்த தாது வருஷப் பஞ்சம். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மாத்திரம் மாண்டவர் ஐம்பது இலட்சத்துக்குக் குறையார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. கடல் கடந்து தோட்டம் தேடிய நம் முன்னோரின் நினைவில் அப்பஞ்சம் நெடுங்காலம் கதையாய் வாழ்ந்தது. அப்பொழுது இரண்டு விவாதங்கள் நடந்தன. இரண்டும் இன்றைக்கும் பாடமாகத் தக்கவை.

முதல் விவாதம் சோற்றைப் பற்றியது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைச் சென்னைக்கு அனுப்பினார். அனுப்பியது செலவைக் குறைக்க. இந்த டெம்பிளே 1874இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மா அரிசியைத் தாராளமாய் இறக்கி மக்களைக் காத்தவர். அதற்காகவே ஊதாரி என்று மேலிடத்தாரால் வையப்பட்டவர். பட்ட அடி மறக்குமா? சென்னையில் அவர் நிவாரண வேலை செய்வோனுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை இராத்தல் தானியம் என்றிருந்த கூலியை ஒரு இராத்தலாகக் குறைக்கச் செய்து, அதுவே உயிர்தாங்கப் போதும் என்று சாதித்தார். எதிர்த்து எழுதினவர் டாக்டர் கார்னிஷ் என்பவர். சென்னை இராஜதானியின் சுகாதாரக் கமிஷனர். உழைக்கும் உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்பதையும், நிவாரண முகாம்களில் மக்கள் எவ்வாறு நலிந்து மடிகின்றனர் என்பதையும் அவர் கணக்கோடு எடுத்துக் காட்டினார். சில மாதங்களுக்குள் சென்னை சர்க்கார் அக்கூலியை மாற்ற வேண்டியதாயிற்று.

இங்கே நாம் நின்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. டெம்பிளும் சர்க்கார் சம்பளம் வாங்கினவர். கார்னிஷும் அதே சர்க்காரின் சம்பளம் வாங்கினவர். சம்பளம் கொடுப்பவன் யார் என்று மட்டும் பார்த்துச் சாட்சியை மதிப்பிடுவதானால் இருவரையும் ஒரே குப்பையில் தள்ள வேண்டிவரும். ஒருவர் தம்மை அனுப்பியவர் விரும்பிய விடையோடு வந்தார். மற்றவர் தமக்குச் சோறிடுவோர் விரும்பாத விடையைத் துணிந்து எழுதினார். தன் அனுகூலத்துக்கு மாறாகப் பேசுகிறவனுடைய சொல்லுக்கு எடை கூடும் என்பது நியாயஸ்தலங்களில் உள்ள பழைய வழக்கம். அஃது இங்கும் பொருந்தும்.

இரண்டாம் விவாதம் சூரியனைப் பற்றியது. சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தில் 1813 முதல் மழையளவு எழுதி வைத்திருந்தார்கள். அந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு, இந்திய சர்க்காரின் புள்ளிவிவர அதிகாரி ஹண்டர் என்பவர், சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய பதினோராண்டுக்கு ஒருமுறை குறைவதும், தென்னாட்டில் மழை குறைவதும் ஒத்துவருகின்றன என்று 1877இல் எழுதினார். லாக்கியர் என்னும் வானநூலாரும் அவரோடு சேர்ந்தார். பஞ்சத்துக்குக் குற்றவாளி சூரியனே என்றால் எவருக்கு நிம்மதி? பஞ்சகாலத்திலும் தானியம் கப்பலேறிக் கொண்டிருந்ததே, அதைத் தடுக்காத ஆட்சிக்குத்தான். இதனால் ஹண்டர் நேர்மையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. அவருக்கு நம்பிக்கை மிகுந்திருந்தது, அவ்வளவே. அவருடைய வாதத்தை வீழ்த்தியவர் வசைமொழி பேசினவரல்லர். அதே ஆண்டில், அதே சென்னை அட்டவணையை எடுத்துக் கணக்கிட்டு, இத்தகைய ஒற்றுமை தற்செயலாகவும் வரக்கூடும் என்று ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி காட்டினார். பசிபிக் சமுத்திரத்தின் நீர் வழக்கத்துக்கு மாறாய்ச் சூடேறும் எல்-நினோ என்னும் நிலை 1877இல் மிகக் கடுமையாய் இருந்தது என்பதும், அதனாலேயே பருவமழை பெரிதும் பொய்த்தது என்பதும் வெகுகாலம் கழித்தே தெரியவந்தன. மழை பொய்த்தது வானத்தால்; மக்கள் மடிந்தது வானத்தால் மாத்திரமன்று.

இனி, கரியமில வாயு பெருகினால் பூமி சூடேறும் என்னும் கொள்கைக்கு வருவோம். இது அரசியல்வாதிகள் அண்மையில் கட்டிவிட்ட கதை என்போர்க்கு ஒரு செய்தி. ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ் 1896இலேயே இதனைக் கணக்கிட்டு எழுதினார். 1938இல் கேலண்டர் என்னும் ஆங்கிலேயர், உலகின் பல நிலையங்களின் வெப்ப அளவுகளைத் திரட்டி, சூடு ஏறிக்கொண்டிருக்கிறது என்று காட்டினார். கேலண்டர் யார்? நீராவி எஞ்சினியர், நிலக்கரியால் இயங்கும் தொழிலைச் சார்ந்தவர். மேலும் இருவருமே, சூடேறுவது குளிர் நாட்டார்க்கு நன்மையே என்று மகிழ்ந்தவர்கள்! மக்களைப் பயமுறுத்திப் பணம் பறிக்க எண்ணியவர் இப்படியா எழுதுவர்?

எதிர்த் தரப்பின் சரித்திரம் வேறு விதமானது. எக்ஸான் என்னும் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகளே 1977 முதல் தம் முதலாளிமாருக்கு இவ்வபாயத்தை எடுத்துரைத்தனர். அவர்கள் அன்று போட்ட கணக்குகள் பின்னர் நேர்ந்த வெப்ப உயர்வோடு பெரும்பாலும் ஒத்திருந்தன என்று 2023இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. உள்ளறையில் இதை அறிந்த அக்கம்பெனி வெளியிலே பல்லாண்டு காலம் சந்தேகத்தை விதைத்து வந்தது. எண்ணெய், நிலக்கரி, மோட்டார்த் தொழிலார் சேர்ந்து 1989இல் அமைத்து 2002 வரை நடத்திய உலகச் சீதோஷ்ணக் கூட்டணி என்ற சங்கத்தின் வேலையும் அதுவே. இப்படிப்பட்ட சாட்சியை எப்படிக் கண்டுபிடிப்பது? அவன் வீட்டுக்குள் பேசியதையும் வீதியில் பேசியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

மாறான உதாரணமும் உண்டு. ரிச்சர்ட் முல்லர் என்னும் அமெரிக்கப் பௌதிக ஆசிரியர் வெப்ப அளவுகளில் குறை கண்டவர். 2010இல் அவர் புதிதாய் ஆராயத் தொடங்கியபோது, எண்ணெய்த் தொழிலில் செல்வம் சேர்த்த கோக் குடும்பத்தின் தர்ம ஸ்தாபனமும் பணம் கொடுத்தது. பணத்தைக் கண்டவுடன் பலர் முடிவை ஊகித்துவிட்டனர். 2012இல் அவர் வெளியிட்ட முடிவு என்ன? 250 வருஷங்களில் நிலத்தின் வெப்பம் சுமார் ஒன்றரை டிகிரி ஏறியது உண்மை. ஏறக்குறைய முழுவதற்கும் மனிதனே காரணம் என்பது. ஊகித்தோர் வாயடைத்துப் போயினர்.

பெரிய சபை சொன்னால் தவறிராது என்பதும் இல்லை. ஐக்கிய நாட்டுச் சீதோஷ்ணக் குழு 2007இல் வெளியிட்ட அறிக்கையில், இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வாக்கியம் நுழைந்துவிட்டது. அதன் மூலத்தைத் தேடினால், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றின் அறிக்கை. அதற்கும் மூலம், சஞ்சிகையில் வந்த ஒரு பேட்டி! பரிசோதிக்கப்பட்ட ஆராய்ச்சி எதுவும் அடியில் இல்லை. பனிப்பாறை அறிஞர்களே பிழையைச் சுட்டினர். 2010 ஜனவரியில் குழு அதனை ஒப்புக்கொண்டது. இதைக் கொண்டு அறிக்கை முழுதும் புளுகு என்று கூவினவர் பலர். கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் ஒரு வரி பிழைத்தால் அவ்வரியைத் திருத்துவோமா, பேரேட்டையே கொளுத்துவோமா?

இதுவரை அயலாரைப் பேசினோம். இனி நம் வீட்டைப் பார்க்க வேண்டும். 1997இல் சுமாத்திரா, போர்னியோ தீவுகளின் தீயால் புகைமூட்டம் இந்நாட்டை மூடிற்று. கூச்சிங் நகரில் காற்று மாசின் குறியீட்டெண் 800க்கு மேல் சென்றது. அவ்வருஷம் நவம்பரில், சர்வகலாசாலை ஆசிரியர்கள் புகைமூட்டத்தைப் பற்றி வெளியாரிடம் பேசலாகாது என்று தடை பிறந்தது. மாசுக் குறியீட்டெண்ணையே பொதுமக்களுக்குக் காட்டாமல் மறைத்து வைத்திருந்து, 2005 ஆகஸ்டில் மறுபடி புகை சூழ்ந்த பின்னரே திறந்துவிட்டனர். சுற்றுலாக்காரர் வரமாட்டார் என்ற கவலையாம்! மூச்சு விடுகிறவனுக்குத் தெரியாத இரகசியம் யாருக்காக?

செம்பனை விவகாரம் இதனினும் சிக்கலானது. நம்மவருள் எத்தனையோ குடும்பங்களின் சோறு அதில் இருக்கிறது. செம்பனையால் காடழிகிறது என்று சொல்லி, அதன் எண்ணெயை வாகன எரிபொருளிலிருந்து 2030க்குள் படிப்படியாய் விலக்க ஐரோப்பிய ஐக்கியம் 2019இல் விதி செய்தது. மலேசியா 2021இல் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்குத் தொடுத்தது. 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு, ஐரோப்பியர் விதியை நடைமுறைப்படுத்திய விதத்தில் குறை கண்டது. ஆனால் மலேசியாவின் முக்கிய வாதங்களை ஏற்கவில்லை. இரு தரப்புப் பத்திரிகைகளும் தத்தமக்கு வெற்றி என்று எழுதிக் கொண்டதைப் பார்த்தோர் சிரித்திருப்பர். ஐரோப்பாவிலே கடுகின வித்தும் சூரியகாந்தியும் பயிரிடும் குடியானவர் உண்டு. அவர்களுக்குச் செம்பனை போட்டி. இங்கே செம்பனைக் கம்பெனிகள் விளம்பரத்துக்குப் பணம் இறைப்பதும் உண்மை. ஏக்கருக்கு ஏக்கர் ஒப்பிட்டால் செம்பனை மற்ற எண்ணெய்ப் பயிர்களைவிடப் பன்மடங்கு தருவதும் மெய். காட்டையும் சேற்றுக் கரிநிலத்தையும் அழித்து நட்டால் அந்த இலாபத்தைக் கரியமில வாயு விழுங்கிவிடுவதும் மெய். ஒரு மெய்யைச் சொல்லி மற்றொரு மெய்யை மறைப்பவனே இவ்வழக்கில் கள்ளச் சாட்சி.

பெக்கோக் ஆறு சென்று சேரும் மேற்கு ஜொகூரில் இந்தக் கரிநிலத்தின் கதையைக் காணலாம். நீரை வடித்துப் பயிரிட்ட கரிநிலம் காற்றுப்பட்டு மெல்ல மெல்ல எரிவது போல் கரைந்து தாழும். மேற்கு ஜொகூரில் நட்ட கம்புகளைக் கொண்டு பல்லாண்டு அளந்து 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதிர்ந்த நிலையிலும் வருஷத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நிலம் தாழ்வதாகக் கண்டனர். ஐம்பது வருஷத்தில் அது ஒரு மீட்டராகும். 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் பக்கங்களில் நீர் வாரக்கணக்கில் வடியாது நின்றபோது, மழையைப் பற்றிப் பேசினவர் ஆயிரம் பேர். நிலம் தாழ்ந்ததைப் பற்றிப் பேசினவர் மிகச் சிலர். கம்புக்குக் கட்சி இல்லை. ஆனால் அதைப் போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை.

கிழக்கே உள்ள காட்டுக்கும் ஒரு வழக்கு நடந்தது. 1977இல் பகாங் மாநில சர்க்கார் எண்டாவ்-ரொம்பின் காட்டிலே மரம் வெட்ட உத்தரவு கொடுத்தது. மாநிலத்தின் நிலம், மாநிலத்தின் உரிமை என்பது அவர்கள் வாதம். பொதுமக்களும் மலாயா இயற்கைச் சங்கத்தாரும் எழுப்பிய ஆட்சேபத்தால் வெட்டு நின்றது. பின்பு அச்சங்கத்தார் 1985, 1986ஆம் வருஷங்களில் விஞ்ஞானிகளைத் திரட்டிக் காட்டுக்குள்ளேயே சென்று, செடி, பூச்சி, மீன் என்று எண்ணி எழுதினர். கூட்டம் போட்டுக் கூவியதோடு நில்லாமல் சேற்றில் நடந்து சென்று கொண்டுவந்த சாட்சியம் அது. ஜொகூர்ப் பக்கத்துக் காடு 1993இல் தேசியப் பூங்காவாயிற்று. அதன் செலாய் வாயிலுக்குப் போகிறவர்கள் இன்றும் பெக்கோக் வழியாகத்தான் போகின்றனர். அவ்வழியில் வாழும் ஜக்குன் மக்கள் தலைமுறை தலைமுறையாய் அவ்வாற்றைக் கண்டவர். எந்த வருஷம் நீர் எந்தப் பாறையைத் தொட்டது என்று அவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டவர் எத்தனை பேர்? நினைவு பிழைக்கும் என்பர். அதிகாரியின் அறிக்கை மாத்திரம் பிழைக்காதா?

தோட்டத்து மக்களிடமும் ஒரு சாட்சி இருந்தது. ஆபீசுக்கு முன் புல்தரையில் நட்டிருந்த மழைமானியே அது. காலையிலே கிராணி அதை அளந்து புத்தகத்தில் எழுதுவார். மழை பெய்தால் பால் வெட்டில்லை, வெட்டில்லாவிட்டால் கூலிக்குக் குறை, ஆகையால் லயத்தில் உள்ளவனுக்கும் அவ்வெண்ணைப் பற்றிய கவலை உண்டு. மகசூல் குறைந்தால் மழைமேல் பழி போட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதும் துரைக்கு அதைக் கூட்டிச் சொல்ல ஆசை இருந்திருக்கலாம். ஆனால் தினந்தோறும் எழுதிய ஏட்டில், அதுவும் பக்கத்துத் தோட்டத்து ஏட்டோடு ஒத்துப்பார்க்கக் கூடிய ஏட்டில், பொய் எழுதுவது எளிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் பால்மரம் செம்பனையாக மாறியும் போன காலத்தில் இத்தகைய ஏடுகள் பல கரையானுக்கும் குப்பைக்கும் இரையாயின. பழைய ஆபீஸ் அலமாரியிலோ, ஓய்வு பெற்ற கிராணியார் வீட்டுப் பரணிலோ இன்னும் சில கிடக்கக்கூடும். அத்தகைய ஏடு எவரிடமாவது இருந்தால், தோட்டத்தின் பெயரையும் வருஷத்தையும் முதற்பக்கத்தில் தெளிவாய்க் குறித்து, ஒரு பிரதி எடுத்து, மூலத்தை ஈரம் படாமல் வைப்பாராக.